தடிப்பு வேற, பம்மாத்து வேற

எங்கட பேச்சில 'தடிப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கு. ஒன்று பலகையின் தடிப்பு. அளவுகோலை வைத்து இத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லிவிடலாம். மற்றது ஆளின் தடிப்பு. "காசு வந்த பிறகு ஆளுக்குச் சரியான தடிப்பு" என்று சொல்லுவமே, அது. கடைப் பெயர்ப்பலகை விசயத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிப்போய்க் கிடக்கிறது. பலகைக்குத் தேவைப்படுவது முதலாவது. எங்கட ரவுண்களில் இப்ப சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவது இரண்டாவது.

முதலில் பலகையைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியால் போனாலும் சரி, வவுனியாவில், கிளிநொச்சியில், மட்டக்களப்பில் கடைத்தெருவால் போனாலும் சரி, புதிதாகப் போட்ட போர்ட்டுகளில் பெரும்பாலானவை ஒரே சாமான்தான். பட்டியலில் அலுமினியக் கூட்டுத் தகடு என்று இருக்கும், நாங்கள் 'கிளாடிங்' என்றுதான் சொல்லுவோம். 1969 இல் ஜெர்மனியில் தயாரிக்கத் தொடங்கிய பொருள். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தோல், நடுவில் பிளாஸ்ரிக். 8 அடிக்கு 4 அடி, தடிப்பு 3 அல்லது 4 மில்லிமீற்றர். பாரமில்லை, கறள் பிடிக்காது, தச்சுவேலை வாளாலேயே வெட்டலாம், எந்த நிறத்திலும் வாங்கலாம். நல்ல பொருள். நான் இதுக்கு எதிரி இல்லை.

ஆனால் இதை அப்படியே கொண்டுபோய்ச் சுவரில் ஆணி அடித்துப் பாருங்கோ. எவ்வளவு பெரிய தகடென்றாலும் கலியாண அட்டையைப் பசை பூசி ஒட்டின மாதிரித்தான் இருக்கும். வெயில் பட்டதும் நெளியும். விளிம்பில் வெட்டுவாய் தெரியும்: இரண்டு வெள்ளிக் கோடு, நடுவில கறுப்பாய்ப் பிளாஸ்ரிக், கிறீம் பிஸ்கட் மாதிரி. மனிசற்ற கண் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். விளிம்பு மெல்லிசு என்றால், முன்னுக்கு என்னத்தைப் பொன்னில எழுதினாலும் கண் அதைக் கடதாசி என்றே தீர்மானித்துவிடும்.

ஆகவே மெல்லிய தகட்டை மொத்தமாய்க் காட்ட வேண்டிய தேவை உண்மையானது. இதில எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகப்படுகிற ஆக்கள் எங்கட வட்டத்துக்குள்ளதான் இருக்கினம். டிசைன் படித்த, படிக்கிற எங்கட நண்பர்கள். மடித்த விளிம்பைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். "எல்லாம் ஃபேக், பொருள் எப்படியோ அப்படித்தான் தெரியவேணும்" என்பார்கள். பிறகு பழைய கையெழுத்து போர்ட் ஒன்றின் படத்தைப் போட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

அந்தப் பழைய போர்ட்டை ஒருக்கால் திருப்பிப் பார்த்திருக்கிறார்களா? முன்னுக்கு இரண்டங்குலப் பலகை போலத் தெரியும். பின்னுக்குப் போனால் மரச்சட்டம் ஒன்று, அதுக்கு மேல இழுத்துச் சுற்றி ஆணியடித்த தகரம். கண்ணுக்கு இரண்டங்குலம், உண்மையில் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அதுக்கு மேல பெயின்ரர் எழுதின எழுத்துக்கு வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நிழல் தட்டியிருப்பார். அந்த எழுத்துக்கு உண்மையில் ஒரு நூல் தடிப்பும் கிடையாது. நீங்கள் பெருமூச்சு விடுகிற அந்தப் பழைய அழகு முழுக்க, மெல்லிசை மொத்தமாய்க் காட்டின அழகுதான்.

பொருளுக்கு உண்மையாய் இருக்கவேணும் என்ற வாதத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. ஜோன் ரஸ்கின் என்ற இங்கிலாந்துக்காரர் 1849 இல் எழுதின கட்டடக்கலைப் புத்தகத்தில் ஒரு பொருளை வேறு பொருள் மாதிரிப் பூசிக் காட்டுவதைப் பொய் என்று கடுமையாய்த் திட்டினார். மரத்தில் பளிங்கு வரி கீறுவது எல்லாம் அவருக்குப் பாவம். ஆனால் அதே மனிசன் ஒரு விதிவிலக்குச் சொன்னார். கட்டடத்தில் பொன் முலாம் பூசினால் அது பொய் இல்லை, ஏனென்றால் அதைக் கட்டிப் பொன் என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். நகையில் பூசினால் பொய். இதை விளங்கிக்கொள்ள எங்கட நகைக்கடை வீதியைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை. கடை போர்ட்டில இருக்கிற எழுத்து மினுங்குது என்று ஆரும் உரைகல் கொண்டு வருவதில்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சங்கிலியில் அதே பூச்சு இருந்தால் பொலிசுக்குப் போவார்கள். பார்ப்பவர் எதை நம்பிக் காசு குடுக்கிறார் என்பதுதான் கேள்வி. போர்ட்டின் இரண்டங்குலத்தை நம்பி ஒருவரும் மாவும் சீனியும் வாங்குவதில்லை.

இன்னொன்று: நல்ல வேலைக்காரர் செய்கிற தடிப்பு வெறும் தோற்றமும் இல்லை. தகட்டின் பின்பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டங்குலம் உள்ளுக்கு, ரூட்டர் மெசினால் V வடிவத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். பின் தோலும் நடுப் பிளாஸ்ரிக்கில் பெரும்பகுதியும் போய்விடும். முன் தோலும் அதோடு ஒட்டின கொஞ்சப் பிளாஸ்ரிக்கும் மட்டும் மிஞ்சும். பிறகு கையாலேயே மடிக்கலாம். நாலு பக்கமும் மடித்து, மூலைகளை உள்ளுக்குக் கோணத்தகடு வைத்து ரிவெற் அடித்தால் தட்டம் போல ஒன்று வரும். அதைக் கவிழ்த்துச் சுவரில் பூட்டினால் ஐம்பது மில்லிமீற்றர்ப் பலகை. வெட்டுவாய் தெரியாது. முன்னுக்கிருந்த நிறமே முறியாமல் பக்கத்துக்குத் திரும்பிப் போகும். அதனாலதான் கண் அதை ஒரே கட்டியான பொருள் என்று எடுத்துக்கொள்கிறது.

இதில முக்கியமானது, மடித்த தகடு உண்மையாகவே உறுதியாகிவிடுகிறது. பனையோலையைப் பாருங்கோ. மடிப்பு மடிப்பாய் இருக்கிறபடியால்தான் அவ்வளவு மெல்லிசாய் இருந்தும் வாடைக்காற்றில் விறைப்பாய் நிற்குது. நெளித் தகரமும் அதே கணக்குத்தான். விளிம்பை மடித்த தகடு நெளியாது, காற்றில் படபடக்காது. தடிப்பாய்த் தெரிவதும் தடிப்பின் வேலையைச் செய்வதும் ஒரே மடிப்பால் வருகிறது. இதைப் போய் ஃபேக் என்றால் பனையும் ஃபேக்தான்.

ஃபேக் என்று சொல்லவேண்டியது வேறொன்று. ரூட்டர் இல்லாத இடங்களில், அல்லது நேரத்தை மிச்சம் பிடிக்கிற இடங்களில், தனியாக வெட்டின இரண்டங்குலப் பட்டியை டபுள் சைட் ரேப்பால் விளிம்பில் ஒட்டி சிலிக்கன் இழுத்துவிடுவார்கள். கடை திறப்புவிழா அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டு சித்திரை போனாப் பிறகு பாருங்கோ. அலுமினியத் தகடு ஒரு மீற்றருக்கு, வெப்பம் 100 பாகை கூடினால் 2.4 மில்லிமீற்றர் நீளும். எங்கட வெயிலில் கடுநிறத் தகடு காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் 40 பாகை ஏறுவது பெரிய விசயம் இல்லை. 8 அடித் தகடு என்றால் ஒவ்வொரு நாளும் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல நீண்டு சுருங்கும். ஒட்டினது அந்த இழுபறியில் வாய் பிளக்கும். திருகாணி ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பித்து விடாத போர்ட் நடுவில் வயிறு தள்ளும். பின்னுக்கு இருக்கிற பொக்ஸ் பாருக்கு நல்ல பூச்சு இல்லையென்றால் கடற்காற்றில் கறள் ஒழுகி, வெள்ளைத் தகட்டில் வெத்திலை துப்பின மாதிரிக் கோடு விழும்.

சரி, மடிக்கவும் காசில்லை, வெறும் தட்டைத் தகடுதான் இருக்கு என்றால்? அப்பவும் வழி இருக்கு. எங்கட நாட்டில சும்மா கிடைக்கிற சாமான் ஒன்று இருக்கே, வெயில். தகட்டைச் சுவரோடு ஒட்டாமல் ஓரங்குலம் முன்னுக்குத் தள்ளிப் பூட்டினால் போதும். சூரியன் 60 பாகை உயரத்தில் கடைக்கு நேரே நிற்கும்போது, அந்த ஓரங்குல இடைவெளி சுவரில் ஒன்றேமுக்கால் அங்குல நிழலை விழுத்தும். கண் அந்தக் கறுப்புப் பட்டையைப் பலகையின் கணக்கிலேயே சேர்த்துவிடும். நாலு இடைக்குழாய், நாலு நீட்டுத் திருகாணி. அவ்வளவுதான் செலவு.

இதில ஒரு நுணுக்கம் இருக்கு. தெற்குப் பார்த்த கடைக்கு வருசத்தில் கூடின காலம் மத்தியான வெயில் கிடைக்கும். வடக்குப் பார்த்த கடைக்குச் சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆவணி வரைக்கும்தான், யாழ்ப்பாணத்தில் சூரியன் அப்பதான் உச்சிக்கு வடக்கால போகும். மிச்ச மாதங்களில் அந்தப் பக்கத்தில் மத்தியானத்தில் நிழல் விழாது. அங்கதான் பெயின்ரர்மாரின் கைவேலை வரவேணும், நிழலைத் தீட்டிவிடுகிற வேலை. எழுத்தோடு ஒட்டிக்கொண்டு போகிற நிழல் எழுத்தைக் கட்டியாய்க் காட்டும். எழுத்திலிருந்து விலகி நிற்கிற நிழல் எழுத்தை மிதக்க வைக்கும். இரண்டும் வேறு வேறு காரியம். கொம்பியூட்டரில டிசைன் பண்ணுகிற பெடியள் இந்த இரண்டையும் ஒரே பட்டனால் போட்டுவிடுகிறார்கள், அதுவும் ஓரங்கள் புகைஞ்ச நிழல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அது நிழலாய்த் தெரியாது, ஊத்தையாய்த் தெரியும். கையால் எழுதினவர்கள் கூரான விளிம்போடு, கீழ்ப்பக்கத்துக்கு ஒரு கடுநிறம், பக்கவாட்டுக்கு அதைவிட ஒரு படி இளசு என்று இரண்டு நிறம் வைத்தார்கள். அந்த அறிவு இன்னும் எங்கட ஊர்களில் உயிரோடு இருக்கிற ஆக்களிட்ட இருக்கு. ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவர்களில பலர் மதில் பெயின்ற் அடிக்கப் போய்விட்டார்கள்.

இனி எழுத்துக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே கோவம் வருகிற இடம் இதுதான்.

இப்ப பலகை மட்டும் தடித்தால் போதாது, எழுத்தும் தடிக்கவேணும் என்று வந்துவிட்டது. மூன்று அங்குல ஆழத்தில் பெட்டி பெட்டியாய் எழுத்து, உள்ளுக்கு லைற். இங்கிலீசுக்கு இது ஒத்துப்போகும். L, T, H எல்லாம் திறந்த வெளியோடு நிற்கிற எழுத்துகள். அதே ஆழத்தை 'ண', 'ஞ', 'ணை' என்று போட்டால் என்ன நடக்கும்? கணக்குச் சின்னப்பிள்ளைக் கணக்கு. இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியும் எழுத்தின் ஆழமும் ஒரே அளவென்றால், 45 பாகை சரிவிலிருந்து பார்க்கிற ஆளுக்கு அந்த இடைவெளி முழுதாய் மறைந்துவிடும். பத்தங்குல உயரத்து 'ண'வுக்குள் இருக்கிற இடைவெளி ஒன்றரை அங்குலம் என்று வையுங்கோ. மூன்றங்குல ஆழத்துக்கு 27 பாகை திரும்பினாலே அது அடைபட்டுப்போகும். கடைத்தெருவில் ஆர் கடைக்கு நேரெதிரே நின்று போர்ட் வாசிக்கிறது? நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் பக்கத்தால வருகிறவர்கள்தான் வாசிக்கிறது. அவர்கள் காண்பது எழுத்தை இல்லை, மஞ்சள் நிறத்தில் ஒரு மதிலை.

பிறகு புள்ளி. இங்கிலீசில் i-க்கும் j-க்கும் மட்டும்தான் புள்ளி, அதுவும் பெரிய எழுத்தில் எழுதினால் இல்லை. எங்களுக்கு ஒவ்வொரு மெய்க்கும் தனியாய் ஒரு துண்டு. அந்தச் சின்ன வட்டத்தை ஒரே ஆணியிலோ, ஒரு சொட்டுச் சிலிக்கனிலோ ஒட்டிவிடுகிறார்கள். முதல் மாரியில் விழுகிறதே அதுதான். 'ஸ்ரோர்ஸ்' என்று எழுதின கடை ஒரு வருசத்தில் 'ஸரோரஸ' ஆகிவிடும். 'வெதுப்பகம்' 'வெதுப்பகம' ஆகிவிடும். சிரிப்புத்தான். ஆனால் ஒரு மொழிக்காகச் செய்த சாமானை இன்னொரு மொழிக்கு அளவெடுக்காமல் மாட்டிவிட்டால் இப்படித்தான் நடக்கும் என்பதைச் சிரிச்சுக்கொண்டு கடந்துபோக எனக்கு விருப்பம் இல்லை.

இதையும் தாண்டின அநியாயம் ஒன்று உண்டு. அடுத்த முறை ரவுணுக்குப் போகும்போது கவனித்துப் பாருங்கோ. எத்தனை போர்ட்டில் இங்கிலீஷ் பெயர் மூன்றங்குல ஆழத்தில் லைற்றோடு நிற்குது, அதுக்குக் கீழ தமிழ் தட்டை ஸ்ரிக்கராய் ஒட்டிக் கிடக்குது? ஸ்ரிக்கர் வெயிலில் முதலில் வெளிறும், பிறகு ஓரம் சுருளும், பிறகு ஆரோ ஒரு பெடியன் சும்மா நின்ற நேரத்தில் உரிச்சுப்போடுவான். அரச அலுவலகப் பலகைகளில் எங்கட மொழி பிழையாய், சின்னனாய், கீழ வருகுது என்று நாங்கள் எத்தனை வருசமாய்க் கத்துகிறோம். 1987 இன் 13ஆம் திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழி என்று எழுதின பிறகும் அந்தச் சண்டை முடியவில்லை, முடியவும் கூடாது. ஆனால் எங்கட சொந்தக் காசில், எங்கட சொந்த ஊரில், எங்கட ஆக்கள் வந்துபோகிற கடையில் தமிழுக்குத் தடிப்பு வேண்டாம் என்று தீர்மானித்தது எந்த அமைச்சு? எந்த மொழிக்கு ஆழம், எந்த மொழிக்கு ஸ்ரிக்கர் என்பது ஒரு தீர்மானம். அதை எடுத்தவர் "டிசைன் அப்படித்தான் வந்தது" என்று தப்ப முடியாது.

தமிழுக்கு மூன்றங்குலம் தேவையே இல்லை. ஐந்து மில்லிமீற்றர் அக்கிரிலிக்கில் வெட்டி, அரை அங்குலம் முன்னுக்குத் தள்ளி நிறுத்தினால் போதும். நிழல் மிச்ச வேலையைச் செய்யும், இடைவெளி அடைபடாது. புள்ளியையும் எழுத்தையும் பின்னால் ஒரே தெளிந்த அக்கிரிலிக் தகட்டில் சேர்த்துவிட்டால் புள்ளி எந்த மாரிக்கும் விழாது. இது ரொக்கற் விஞ்ஞானம் இல்லை. கேட்கத் தெரிந்தால் செய்துதருவார்கள்.

இதுவரைக்கும் நான் பேசினது பலகை. 10 அடி நீளம், இரண்டரை அடி உயரம், வாசலுக்கு மேல ஒன்று. பம்மாத்து தொடங்குவது அதைத் தாண்டித்தான். பலகை தடிப்பாய்த் தெரியவேணும் என்று தொடங்கினது, கடை பெரிசாய்த் தெரியவேணும் என்று மாறி, இப்ப கட்டடம் முழுக்கத் தகடு சுற்றுகிற இடத்தில் வந்து நிற்குது. மேல்மாடி யன்னல், காற்றுப்போகிற பூக்கல், பழைய முகப்பில் சீமெந்தால் புடைத்து எழுதின பெயரும் வருசமும், எல்லாத்துக்கும் மேலால பொக்ஸ் பார் சட்டம், அதுக்கு மேல கிளாடிங். தூரத்திலிருந்து பார்த்தால் புதுக் கட்டடம். உள்ளுக்குப் போனால் மத்தியானத்திலும் லைற் போடவேணும், மேல்மாடியில் வேலைசெய்கிற பிள்ளையள் வேர்த்துச் சாகுதுகள்.

சாகுதுகள் என்று எழுதினதை ஒரு பேச்சுக்காக எழுதவில்லை. அந்தத் தகட்டின் நடுவில் இருக்கிற பிளாஸ்ரிக் பொலிஎதிலீன். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மண்ணெண்ணெய் எரிந்து தருகிற அளவு வெப்பத்தைத் தரும். 4 மில்லிமீற்றர்த் தகட்டில் தோல் இரண்டும் அரை அரை மில்லிமீற்றர் என்றால், மிச்சம் மூன்றும் அதுதான். ஒரு 8க்கு 4 தகட்டில் ஏறத்தாழ 8 கிலோ. வாசலுக்கு மேல ஒரு போர்ட் என்றால் ஆறேழு கிலோ. 30 அடி அகலம் 20 அடி உயரம் முகப்பு முழுக்கச் சுற்றினால் 19 தகடு, ஏறக்குறைய 150 கிலோ. அதுக்குப் பின்னால் சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு வெறும் இடைவெளி, புகைபோக்கி மாதிரி. அந்த இடைவெளிக்குள்ள லைற்றுக்கு இழுத்த வயர்.

இலண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் 2017 ஜூன் 14 இல் எரிந்ததை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். 24 மாடி. நாலாம் மாடியில் ஒரு குசினியில், குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கின நெருப்பு வெளிச்சுவரால் ஏறிக் கோபுரம் முழுக்கப் பிடித்தது. 72 பேர் செத்தார்கள். அந்தச் சுவரில் இருந்தது இதே வகைத் தகடு, இதே பிளாஸ்ரிக் நடு. குளிரைத் தடுக்கிறதோடு, சுற்றியுள்ள இடங்களிலிருந்து பார்க்கிற ஆக்களுக்குக் கட்டடம் வடிவாய்த் தெரியவேணும் என்பதும் அந்தப் புனரமைப்பின் நோக்கங்களில் ஒன்றாகத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அதைவிட நெஞ்சில தைக்கிறது இன்னொரு விவரம். தட்டையாய் வைத்து ரிவெற் அடித்த தகட்டைவிட, விளிம்பை மடித்துப் பெட்டியாக்கித் தொங்கவிட்ட தகடு நெருப்புப் பரிசோதனையில் மிக மோசமாய் எரிந்தது. தயாரித்த நிறுவனத்துக்கு இது பல வருடங்களாய்த் தெரிந்திருந்தது, மறைத்தார்கள் என்று 2024 இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொல்லுது. கிரென்ஃபெல்லில் பூட்டப்பட்டிருந்தது அந்த மடித்த வகை.

மடிப்பை இவ்வளவு நேரம் புகழ்ந்துவிட்டு இதை எழுதாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. மடித்தால் உறுதி கூடும், வடிவு கூடும். எரியும்போது அதே மடிப்பு உருகின பிளாஸ்ரிக்கைத் தாங்கி வைத்திருக்கிற கிண்ணமாகவும் மாறும். வாசலுக்கு மேல தனியாய் நிற்கிற ஒரு போர்ட்டில் அது பெரிய ஆபத்தில்லை, எரிந்து விழுந்தால் ரோட்டில விழும். மூன்று மாடி யன்னலை மூடிக்கொண்டு நிற்கிற முகப்பில், உள்ளுக்குப் பிடவை அடுக்கின கடையில், ஒரே ஒரு ஒடுங்கின படிக்கட்டோடு, அது வேற கதை. எங்கட கட்டடங்கள் 24 மாடி இல்லைத்தான். இரண்டாம் மாடியில் புகைக்குள் நிற்கிற பிள்ளைக்கு அடைபட்ட யன்னல் ஒன்று போதும். நெருப்புத் தாங்குகிற கனிம நடுவோடும் இந்தத் தகடு வருகிறது, விலை கூட. எங்கட ஊரில் போர்ட் செய்யப் போகிற எத்தனை பேர் அதைப் பற்றிக் கேட்கிறார்கள்?

கடைக்காரரைத் திட்டுவது லேசு. நான் அப்படிச் செய்யப்போவதில்லை. பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணை என்னிட்டச் சொன்னது: "தம்பி, பக்கத்துக் கடைக்காரன் மூண்டு மாடிக்குத் தகடு அடிச்சுப்போட்டான். நான் சும்மா இருந்தா, இவன்ர கடை பூட்டிப்போட்டுது எண்டு சனம் நினைக்கும்." இதில் தடிப்பு இல்லை, பயம்தான் இருக்கு. 2022 இல் ரூபா விழுந்த பிறகு இந்தத் தகடு, சட்டம், லைற் எல்லாம் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அந்த விலைக்குக் கடன் எடுத்து முகத்தை மூடுகிறார்கள். தெரு முழுக்க எல்லாரும் மூடினாப் பிறகு எல்லாக் கடையும் ஒரே கடை மாதிரி இருக்கும். அப்ப இன்னும் ஒரு மாடி உயரத்துக்குத் தகடு அடிக்கவேணும். இந்த ஓட்டத்தில் வெல்லுவது தகடு விற்கிறவர் மட்டும்தான். காசில்லாதவர்களுக்கு ரெலிபோன் கொம்பனியும் சோடாக் கொம்பனியும் போர்ட்டை இலவசமாய்ப் போட்டுக் குடுக்கும். முக்கால்வாசி கொம்பனியின் சின்னம், மூலையில் ஒரு பட்டியில் கடைக்காரரின் பெயர். அந்த போர்ட்டுகள் நல்ல தடிப்பு, ஒருநாளும் நெளியாது. ஆற்ற தடிப்பு என்பதுதான் கேள்வி.

உள்ளூராட்சி சபைகளில் இருக்கிற ஆக்களுக்கும் ஒன்று சொல்லவேணும். முகப்பு முழுக்கத் தகடு அடிக்க விண்ணப்பம் வந்தால் நடுவில் என்ன பொருள், எந்த யன்னல் மூடப்படுகுது, மேல்மாடியிலிருந்து வெளியேற எது வழி என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கோ. பதில் இல்லாவிட்டால் யன்னலுக்கு மேலால ஒரு தகடும் ஏறக்கூடாது.

போர்ட் அடிக்கப் போகிற உங்களுக்கு, அல்லது அப்பாவின் கடைக்கு போர்ட் டிசைன் பண்ணித் தரச்சொல்லிக் கேட்கப்படுகிற உங்களுக்கு: வாசலுக்கு மேல ஒன்று போதும். இரண்டங்குல மடிப்பு, ஓரங்குல இடைவெளி, தமிழும் இங்கிலீசும் சிங்களமும் ஒரே ஆழத்தில். அட்வான்ஸ் குடுக்க முதல் கேளுங்கோ, விளிம்பை ரூட்டரால் வெட்டி மடிக்கிறீங்களா, பட்டி ஒட்டுறீங்களா? நடுவில் இருக்கிறது என்ன? திருகாணி கறள் பிடிக்காததா? புள்ளியை எதில் பிடிக்கிறீங்கள்? பட்டி ஒட்டுறம் என்று நேர்மையாய்ச் சொன்னால் விலையைக் குறைத்துக் கேளுங்கோ. புள்ளியைப் பற்றிக் கேட்கும்போது சிரிக்கிற ஆளிட்டக் காசு குடுக்க வேண்டாம்.